கோட்பாடு தோற்றது, சிகிச்சை வென்றது

மனக்கோளாறுகளைப் பேசியே குணப்படுத்துகிறோம் என்று அரை நூற்றாண்டாகச் சொல்லிவந்தவர்களிடம் 1952இல் ஒருவர் கணக்குக் கேட்டார். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையைச் சேர்ந்த உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க். அதுவரை வெளியாகியிருந்த 24 ஆய்வுகளிலிருந்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி, ஆறே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். உளப்பகுப்பாய்வு பெற்றவர்களில் 44 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். பல முறைகளைக் கலந்து செய்த சிகிச்சையில் இது 64 விழுக்காடு. இரண்டும் இல்லாமல் குடும்ப டாக்டரின் கவனிப்பிலோ மருத்துவமனையில் வெறுமனேயோ இருந்தவர்களில் 72 விழுக்காடு. சிகிச்சை கூடக் கூடக் குணம் குறைகிறது என்று படிக்கும்படி இருந்தது அந்த அட்டவணை.

அதில் ஓட்டைகள் இருந்தன. மூன்று கூட்டத்தாரும் ஒரே அளவு நோயுற்றவர்கள் என்று சொல்வதற்கில்லை. உளப்பகுப்பாய்வை நடுவில் விட்டுப் போனவர்களையும் குணமாகாதவர்கள் கணக்கில் சேர்த்ததால்தான் 44 வந்தது. அவர்களை நீக்கினால் அதுவே 66 ஆகிவிடும். ஆனாலும் கேள்வி நின்றுவிட்டது. காசநோய் மருந்தைச் சோதிப்பதுபோல் பேச்சையும் சோதிக்க வேண்டாமா?

அதன்பின் நடந்த சோதனைகள் ஒரு விசித்திரத்தை வெளிக்கொண்டுவந்தன. ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்பது ஒரு கேள்வி. அது ஏன் பலன் தருகிறது என்று அதை உருவாக்கியவர் சொன்ன விளக்கம் சரியா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்த பல இடங்களில் இரண்டாவதற்கு இல்லை என்று வந்திருக்கிறது. உளசிகிச்சையின் பெரிய மரபுகள் ஒவ்வொன்றையும் இந்த இரண்டு கேள்விகளோடு அணுகிப் பார்க்கலாம்.

வியன்னாவின் முதல் நோயாளி

1880இல் வியன்னாவில் 21 வயதுப் பெண் ஒருத்தி, நோயுற்ற தந்தைக்கு இரவு பகலாகப் பணிவிடை செய்துகொண்டிருந்தபோது தானும் படுத்துவிட்டாள். வலது கை மரத்துப்போனது. பார்வை தடுமாறியது. தாய்மொழியான ஜெர்மன் மறந்துபோய் ஆங்கிலத்தில் மட்டும் பேசிய காலமும் உண்டு. தாகமெடுத்தாலும் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. அவளுக்கு வைத்தியம் பார்த்த யோசெஃப் ப்ராயர், ஒவ்வோர் அறிகுறியும் முதலில் எப்போது தோன்றியது என்று அவளைப் பேசவைத்தார். தனக்குப் பிடிக்காத ஒரு பெண்ணின் நாய் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் குடித்ததைப் பார்த்து அருவருத்ததும், மரியாதை கருதி அதை வெளியே சொல்லாமல் விழுங்கியதும் நினைவுக்கு வந்தன. சொல்லி முடித்ததும் தண்ணீர் கேட்டுக் குடித்தாளாம்.

ப்ராயரும் அவருடைய இளைய நண்பர் சிக்மண்ட் ஃப்ராய்டும் 1895இல் வெளியிட்ட நூலில் இவள் ‘அன்னா ஓ’ என்ற புனைபெயரில் வருகிறாள். அங்கேதான் உளப்பகுப்பாய்வுக்கு அடிக்கல் நாட்டப்படுகிறது. தாங்க முடியாத ஆசைகளையும் நினைவுகளையும் மனம் நனவிலிக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறது. பூட்டப்பட்டது அங்கே சும்மா இருப்பதில்லை, நோயறிகுறியாக, கனவாக, வாய்தவறிய சொல்லாக வேடமிட்டு வெளியே வருகிறது. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதே சிகிச்சை. அதனால் ஃப்ராய்ட் மயக்குறு உறக்கத்தைக் கைவிட்டு, நோயாளியைச் சாய்மஞ்சத்தில் படுக்கவைத்து, மனதில் தோன்றுவதையெல்லாம் தணிக்கை செய்யாமல் சொல்லச் சொன்னார். நோயாளி தன் அப்பாவிடமோ அம்மாவிடமோ கொண்டிருந்த கோபத்தையும் ஏக்கத்தையும் தன்னை அறியாமல் மருத்துவர்மேல் ஏற்றிவிடுவதைக் கவனித்தார். முதலில் இடைஞ்சலாகத் தெரிந்த இதுவே பின்னர் அவருடைய முக்கியக் கருவியானது.

அன்னா ஓ உண்மையில் பெர்த்தா பாப்பன்ஹைம். ப்ராயரின் சிகிச்சை முடிந்ததாகச் சொல்லப்பட்ட அதே 1882இல் அவர் சுவிட்சர்லாந்தின் க்ராய்ட்ஸ்லிங்கன் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டிருந்தார். நோய் தீரவில்லை, மார்ஃபீன் பழக்கமும் சேர்ந்திருந்தது. வரலாற்றாசிரியர் ஹென்றி எல்லன்பெர்கர் அந்த விடுதியின் பதிவேட்டைத் தேடியெடுத்து 1972இல் வெளியிட்டபோதுதான் உலகுக்கு இது தெரிந்தது. மருத்துவர்களெல்லாம் விலகிய பிறகு அவர் மெல்லத் தேறி எழுந்தார். 1904இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவி, பெண்கள் கடத்தப்படுவதற்கு எதிராக வாழ்நாள் முழுக்கப் போராடினார். பேச்சு சிகிச்சையின் முதல் வெற்றிக் கதை, நூலில் எழுதியபடி நடந்த வெற்றி இல்லை.

ஆனால் ஃப்ராய்டின் மரபு அங்கேயே நின்றுவிடவில்லை. பாலுந்துதலை மையமாக வைத்த அவருடைய வரைபடத்தை வாரிசுகள் திருத்தி எழுதினார்கள். பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் பௌல்பி, குழந்தைக்கு முதல் தேவை பாதுகாப்பான உறவு என்றார்; அந்த முதல் பிணைப்பு எப்படி அமைந்ததோ அதன் சாயலில்தான் பிற்கால உறவுகளையும் எதிர்பார்க்கிறோம் என்றார். குழந்தைகளை நேரில் கவனித்துச் சோதிக்கக்கூடிய கருத்து இது. மேரி எய்ன்ஸ்வொர்த் சோதித்தும் காட்டினார். இன்று உளஇயக்கச் சிகிச்சை என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது வாரம் ஒரு முறை நேருக்கு நேர் உட்கார்ந்து, உறவுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரே சிக்கலைத் தேடும் வேலை. நனவிலியின் பூட்டுக் கதையை அப்படியே நம்பாதவர்களுக்கும் அதனால் பலன் இருக்கிறது.

முயலைக் கண்டு பயந்த பீட்டர்

மனதுக்குள் ஆழமாகத் தோண்ட வேண்டாம், கண்ணுக்குத் தெரியும் நடத்தையே போதும் என்றவர்கள் அடுத்து வந்தார்கள். அவர்களுக்கு ஆசான் பாவ்லோவின் நாய். சோற்றோடு சேர்ந்து ஒலித்த சத்தத்துக்கே எச்சில் ஊறும் என்றால், பயமும் அப்படி ஒட்டவைக்கப்பட்டதாக இருக்கலாம். ஒட்டியதைப் பிரிக்கவும் முடிய வேண்டும். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் இதைச் செய்துகாட்டினார். மூன்று வயதுகூட நிறையாத பீட்டர் என்ற சிறுவனுக்கு முயலைக் கண்டால் நடுக்கம். அவன் விரும்பித் தின்பதைக் கொடுத்துக்கொண்டே முயல் கூண்டை நாளுக்கு நாள் சற்று அருகே கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தொட்டு விளையாடினான்.

இதைப் பெரியவர்களுக்கான முறையாக மாற்றியவர் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பி. இரண்டாம் உலகப் போரில் மனம் உடைந்த சிப்பாய்களுக்கு மருந்து கொடுத்துப் பலனில்லாமல் சலித்திருந்தவர் அவர். உடல் தளர்ந்திருக்கும்போது பயம் கூடவே இருக்க முடியாது, ஒன்று மற்றொன்றை அணைத்துவிடும் என்பது 1958இல் அவர் எழுதிய நூலின் அடிப்படை. நோயாளி தன் பயங்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்துவார். தசைகளைத் தளர்த்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கற்பனை செய்வார்.

பயம் ஏன் தானாகவே போய்விடுவதில்லை என்பதற்கும் இந்த மரபிடம் நல்ல பதில் இருந்தது. லிஃப்டுக்குப் பயந்து படியேறுகிறவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே பரிசாகி, தவிர்க்கும் பழக்கத்தை வலுப்படுத்துகிறது. லிஃப்டில் ஒன்றும் ஆகாது என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பே அவருக்கு வருவதில்லை. 1947இல் ஓ. எச். மௌரர் முன்வைத்த இந்த விளக்கம் இன்றைக்கும் பதற்றச் சிகிச்சையின் முதுகெலும்பு.

வோல்பியின் முறை பலித்தது, அவர் சொன்ன காரணம் பலிக்கவில்லை. தசைத் தளர்வை விட்டுவிட்டுச் செய்தாலும் பயம் குறைந்தது. பயப்படும் பொருளை ஓடாமல் எதிர்கொள்வதே போதுமானதாக இருந்தது. அதுவும் பழைய பயத்தை அழிப்பதில்லை. மார்க் பௌட்டன் எலிகளை வைத்துச் செய்த சோதனைகளில், ஓரிடத்தில் அடங்கிய பயம் வேறிடத்துக்குப் போனதும் திரும்ப எழுந்தது. மூளை பழைய பாடத்தை வைத்துக்கொண்டே பக்கத்தில் புதிய பாடத்தையும் எழுதுகிறது. எந்தச் சூழலில் எது மேலோங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதனால் இன்றைய சிகிச்சையாளர் நாய்க்குப் பயப்படுகிறவரை ஒரே நாயோடு ஒரே அறையில் விட்டுவிடுவதில்லை. தெருவில், பூங்காவில், நண்பர் வீட்டில் என்று பல இடங்களில், பல நாய்களோடு பழகவைக்கிறார்.

வழிகாட்ட மறுத்தவர்

கார்ல் ராஜர்ஸ் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் பன்னிரண்டு ஆண்டுகள் குழந்தைகள் நல மையத்தில் வேலை பார்த்தவர். அடங்காத ஒரு பையனின் தாயிடம், சிக்கலின் வேர் நீங்கள் அவனைச் சிறுவயதில் ஒதுக்கியதுதான் என்று புரியவைக்கப் பல வாரம் முயன்றார். நடக்கவில்லை. இருவரும் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்தார்கள். வாசல் வரை போன அந்தத் தாய் திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை சொல்வீர்களா என்று கேட்டார். பிறகு உட்கார்ந்து தன் மணவாழ்க்கையின் துயரத்தைக் கொட்டினார். எது வலிக்கிறது, எந்தத் திசையில் போக வேண்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்ற முடிவுக்கு ராஜர்ஸ் வந்த வழி இது.

1957இல் அவர் எழுதிய கட்டுரை துணிச்சலானது. சிகிச்சையாளர் வந்தவரின் நிலையில் நின்று உணர வேண்டும். நிபந்தனையில்லாமல் மதிக்க வேண்டும். முகமூடி இல்லாமல் உண்மையாக இருக்க வேண்டும். உறவில் இவை இருந்து, வந்தவரும் அதை உணர்ந்தால் மாற்றம் நடக்கும், வேறு உத்தி எதுவும் தேவையில்லை என்றார். மனிதன் இயல்பாகவே வளர விரும்புகிறவன், மற்றவர்கள் விதிக்கும் நிபந்தனைகள்தான் அவனைக் கோணலாக்குகின்றன என்பது இதன் அடியிலுள்ள நம்பிக்கை.

இந்த நம்பிக்கையை ஆய்வகத்தில் நிரூபிப்பது கடினம். ஆனால் ராஜர்ஸ் செய்த இன்னொரு காரியம் எல்லா மரபுகளையும் மாற்றியது. அவரும் அவருடைய மாணவர்களும் சிகிச்சை உரையாடலை இசைத்தட்டில் பதிவு செய்தார்கள். 1942இல் ஒரு முழுச் சிகிச்சையையும் சொல்லுக்குச் சொல் நூலில் அச்சிட்டார்கள். அதுவரை அந்த அறைக்குள் என்ன நடந்தது என்பதற்கு மருத்துவரின் ஞாபகம் ஒன்றே சாட்சி. இப்போது மற்றவர்களும் கேட்டு, எண்ணி, ஒப்பிட முடிந்தது. மனிதநேய மரபின் தந்தை என்று போற்றப்படுகிறவரே அளவீட்டு ஆய்வுக்கும் கதவைத் திறந்தவர்.

மனதில் ஓடும் இரண்டாவது பேச்சு

ஃபிலடெல்ஃபியாவில் ஆரன் பெக் ஃப்ராய்டின் வழியில் பயின்ற மனநல மருத்துவர். மனச்சோர்வு என்பது தன்மீதே திரும்பிய கோபம் என்ற ஃப்ராய்டியக் கருத்தை நிரூபிக்க நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். கோபம் அகப்படவில்லை. தோற்பது, இழப்பது, ஒதுக்கப்படுவது என்றே கனவுகள் போயின. தன் குருவின் கருத்தை நிரூபிக்கப் புறப்பட்டு அதற்கு எதிரான சான்றோடு திரும்பினார்.

சிகிச்சை அறையிலும் ஒன்றைக் கவனித்தார். சாய்மஞ்சத்தில் படுத்துத் தன் அந்தரங்கங்களைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெண் பதற்றமாக இருந்தார். சொல்லும் விஷயம்தான் காரணம் என்று பெக் நினைத்தார். விசாரித்தபோது, இவருக்கு நம் பேச்சு சலித்திருக்குமோ என்ற எண்ணம் அந்தப் பெண்ணுக்குள் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. வெளியே சொல்லும் பேச்சுக்கு அடியில் இன்னொரு பேச்சு வேகமாக, யாரும் கேட்காமலே ஓடுகிறது. மனச்சோர்வில் அது மூன்று பக்கம் பாய்கிறது: நான் உதவாதவன், உலகம் இரக்கமற்றது, இனிமேலும் இப்படியேதான்.

அந்த எண்ணங்களை மறைந்த ஆசையின் வேடமாகப் பார்க்காமல், சரிபார்க்க வேண்டிய கூற்றுகளாக எடுத்துக்கொண்டார் பெக். சான்று என்ன, வேறு விளக்கம் உண்டா, ஒரு வாரம் சோதித்துப் பார்ப்போமா என்று நோயாளியோடு சேர்ந்து விசாரித்தார். நடத்தை மரபின் பயிற்சிகளும் சேர்ந்து இது அறிதல்–நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சிபிடி, ஆனது. 1977இல் 41 மனச்சோர்வு நோயாளிகளைக் கொண்டு நடந்த சோதனையில் இமிப்ரமின் என்ற மருந்துக்கு ஈடுகொடுத்து, அதை முந்தவும் செய்தது.

இந்த மரபின் அழகைப் பார்க்க பேனிக் அட்டாக் நல்ல உதாரணம். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, உயிர் போகப்போகிறது என்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுகிறார் ஒருவர். ஈசிஜி நார்மல். எக்கோ நார்மல். ‘ஒண்ணுமில்லை, டென்ஷன்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த வாரம் மறுபடியும் அதே. பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் க்ளார்க் 1986இல் இதற்கு ஒரு சுழலை வரைந்தார். சாதாரணமாக வரும் ஒரு படபடப்பை மாரடைப்பு என்று மனம் படிக்கிறது. அந்த வாசிப்பால் பயம் கூடுகிறது. பயத்தால் படபடப்பு கூடுகிறது. கூடிய படபடப்பு வாசிப்பை உறுதிப்படுத்துகிறது. சிகிச்சையில் நோயாளியை வேகமாக மூச்சுவிடச் சொல்லி அதே அறிகுறிகளை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். மூச்சின் வேகமே தலைசுற்றலைத் தரும் என்று தன் உடம்பிலேயே கண்டுகொண்டவருக்கு அந்தச் சுழல் அறுபடத் தொடங்குகிறது.

குடும்பமும் கவனிப்பும்

நோய் ஒரு தனிமனிதருக்குள் இருக்கிறது என்பதையே கேள்வி கேட்டது குடும்பச் சிகிச்சை. ஆனால் அதன் தொடக்கத்தில் ஒரு கொடிய பிழை இருந்தது. 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்று எழுதினார். 1956இல் கிரெகரி பேட்சனின் குழு, அன்பாகவும் வெறுப்பாகவும் ஒரே நேரத்தில் பேசும் பெற்றோரிடம் சிக்கிய பிள்ளைக்கு மனச்சிதைவு வருகிறது என்றது. ஏற்கெனவே துயரத்தில் இருந்த தாய்மார்கள்மேல் பழியும் ஏறியது. சான்றுகள் இதை ஆதரிக்கவில்லை. பின்னர் வந்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின: நோயை உண்டாக்குவது குடும்பம் இல்லை, ஆனால் ஓயாத குற்றச்சாட்டு நிறைந்த வீட்டுக்குத் திரும்பும் நோயாளிக்கு நோய் மீண்டும் முற்றுவது அதிகம். நோய் என்ன, எப்படிப் பேசுவது என்று குடும்பத்துக்குக் கற்றுக்கொடுத்தால் அது குறைகிறது. வேலூர் சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் வழக்கம் 1950களிலேயே தொடங்கிவிட்டது. மேற்கில் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய அதே காலத்தில் இங்கே அதற்குக் கட்டில் போட்டுக்கொடுத்தார்கள்.

எண்ணங்களோடு வாதாடுவதைவிட அவற்றை எண்ணங்களாக மட்டும் கவனித்து விட்டுவிடலாம் என்றவர்கள் கடைசியாக வந்தார்கள். பௌத்தத் தியானத்திலிருந்து மதக்கூறுகளைப் பிரித்து ஜான் கபட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய பயிற்சியை, மூன்று உளவியலாளர்கள் சிபிடியோடு சேர்த்தார்கள். மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்து போனவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 66 விழுக்காட்டினருக்கு அது ஓராண்டில் திரும்பியது. பயிற்சியும் பெற்றவர்களில் 37 விழுக்காட்டினருக்கே திரும்பியது என்றது 2000ஆம் ஆண்டு ஆய்வு. தற்கொலை எண்ணத்தோடு போராடும் பெண்களுக்காக மார்ஷா லினஹன் உருவாக்கிய சிகிச்சையிலும் ஜென் மரபின் ஏற்பு உண்டு: இப்போது இருக்கும் உன்னை ஏற்றுக்கொள்கிறேன், நீ மாறவும் வேண்டும். இளமையில் தானும் அதே நோயோடு மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்ததை 2011இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

எல்லோருக்கும் பரிசா?

ஐசெங்கின் கேள்விக்கு முழுமையான முதல் பதில் 1977இல் வந்தது. மேரி ஸ்மித், ஜீன் கிளாஸ் இருவரும் 375 ஆய்வுகளின் எண்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து கூட்டினார்கள். சிகிச்சை பெற்ற சராசரி ஆள், பெறாதவர்களில் 75 விழுக்காட்டினரைவிட நல்ல நிலையில் இருந்தார். பலனில்லாத ஆய்வுகள் அச்சேறாமல் போவதையும் சேர்த்துப் பார்த்தால் பலன் இதைவிடக் குறைவு என்று பின்னர் தெரிந்தது. ஆனாலும் பலன் உண்டு.

திகைக்கவைத்தது அடுத்த முடிவு. எந்த மரபின் சிகிச்சை என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இப்படித்தான் இருக்கும் என்று 1936லேயே சால் ரோசன்ஸ்வைக் ஊகித்திருந்தார். அற்புத உலகில் ஆலிஸ் கதையில் ஓட்டப்பந்தயத்தில் ஓடிய அனைவருமே வென்றதாகத் தீர்ப்புச் சொல்லும் டோடோ பறவையை அவர் உதாரணம் காட்டியதால், இதற்கு டோடோ தீர்ப்பு என்றே பெயர்.

ஜெரோம் ஃப்ராங்க் 1961இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். மனநல மருத்துவர், பூசாரி, மந்திரவாதி எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்த்தவர் அவர். நம்பிக்கை இழந்தவரோடு ஓர் ஆழ்ந்த உறவு. குணமாக்கும் இடம் என்று மதிக்கப்படும் ஓர் இடம். துன்பத்துக்கு ஏற்கத்தக்க ஒரு விளக்கம். இருவரும் சேர்ந்து செய்யும் ஒரு சடங்கு. இந்த நான்கும் எல்லா மரபிலும் உண்டு. விளக்கம் உண்மையா என்பதைவிட, வந்தவர் அதை நம்பினாரா என்பதே முக்கியம் என்றார். 2018இல் 295 ஆய்வுகளைத் தொகுத்தபோதும், சிகிச்சையாளரோடு அமையும் உறவு நன்றாக இருந்தால் பலனும் கூடுகிறது என்பது உறுதியானது. ஆனால் ஆளுக்கு ஆள் பலன் மாறுவதில் சுமார் 8 விழுக்காடுதான் அந்த உறவோடு சேர்ந்து மாறுகிறது. நல்ல மனசு இருந்தால் போதும் என்று முடித்துவிட முடியாது.

முடிக்கக் கூடாததற்கு வேறு காரணமும் உண்டு. ஓசிடி என்ற எண்ணச் சுழற்சி நோயில் கனிவோடு கேட்டுக்கொண்டிருப்பது போதாது. திரும்பத் திரும்பக் கை கழுவுகிறவரை அழுக்கைத் தொடவைத்து, கழுவவிடாமல் காத்திருக்கும் சிகிச்சை 1966இல் விக்டர் மேயர் தொடங்கியது. அதற்குத்தான் வலுவான சான்று இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில், விபத்தோ பேரிடரோ நடந்த சில நாட்களுக்குள் எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை ஒரே அமர்வில் விவரமாகச் சொல்லவைக்கும் முறை ஒன்று இருந்தது. மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்ற ப்ராயர் காலத்து நம்பிக்கையின் நேர் வாரிசு அது. சோதித்தபோது பிற்காலப் பாதிப்பை அது தடுக்கவில்லை; சிலருக்கு மோசமாக்கியிருக்கலாம் என்றும் தெரிந்தது. பேச்சுக்கும் பக்கவிளைவு உண்டு.

பிரித்துப் பார்த்ததில் கிடைத்தது

பத்து மூலிகை சேர்ந்த கஷாயத்தில் நோயைத் தீர்ப்பது எது என்று அறிய, ஒவ்வொன்றாக விலக்கிக் காய்ச்சிப் பார்க்க வேண்டும். 1996இல் நீல் ஜேக்கப்சன் சிபிடியை அப்படிச் செய்தார். மனச்சோர்வுள்ள சுமார் 150 பேரை மூன்றாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு முழுச் சிபிடி. இரண்டாவது குழுவுக்கு அன்றாட எண்ணங்களைச் சரிபார்ப்பது வரை. மூன்றாவது குழுவுக்கு எண்ணங்களைத் தொடவே இல்லை. ஒதுங்கிக் கிடப்பவரைச் சிறுகச் சிறுகச் செயலுக்குத் திருப்புவது மட்டும். மூன்று குழுவும் ஏறத்தாழ ஒரே அளவு தேறின. எண்ணத்தைத் திருத்துவதே மருந்து என்ற பெக்கின் மையக் கருத்துக்கு இது அடி. சிகிச்சைக்கு அடி இல்லை. அதன் எளிய பாகம் ஒன்று தனியே நிற்கும் என்பது இதனால் தெரிந்தது.

அந்த எளிய பாகம் கோவாவுக்கு வந்தது. இந்தியாவில் 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி மனச்சோர்வுள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை. இத்தனை பேருக்கும் பல ஆண்டு பயின்ற உளவியலாளர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். விக்ரம் படேலும் சங்கத் அமைப்பினரும், மனநலத்தில் முன்பயிற்சி எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இந்தச் செயலூக்கச் சிகிச்சையைக் கொடுக்கவைத்தார்கள். கடுமையான மனச்சோர்வுள்ள 495 பேரைக் கொண்ட அந்தச் சோதனையில், மூன்று மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் நோய் நீங்கிய நிலையில் இருந்தார்கள். மற்றவர்களில் 39 விழுக்காட்டினர். சியாட்டிலில் ஜேக்கப்சன் தன் துறையின் பெருமைக்குரிய கோட்பாட்டைச் சந்தேகித்ததன் பலன் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை எட்டியது என்று சொன்னால் மிகையாகாது.

ஊருக்கு ஏற்ப மாறவேண்டியதும் உண்டு. வழிகாட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பதே உயர்ந்தது என்ற ராஜர்ஸின் பாடம், ‘நீங்களே சொல்லுங்க டாக்டர், நான் என்ன பண்ணட்டும்?’ என்று வந்து உட்காருகிறவரிடம் முட்டுகிறது. மனநல மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான ஜே. எஸ். நேகி 1973இல் இதற்கு விடை தேடினார். நம் நாட்டு நோயாளி எதிர்பார்ப்பது சமமான இருவரின் ஒப்பந்தத்தை இல்லை, குரு–சிஷ்ய உறவை. அதையே சிகிச்சையின் அச்சாகக் கொள்ளலாமே என்றார். யாழ்ப்பாணத்தின் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரில் உடைந்தது தனி மனங்கள் மட்டும் இல்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்துதான் என்று எழுதினார். ஒருவரைத் தனி அறையில் உட்காரவைத்துத் தீர்க்கும் முறை அங்கே பாதி வேலையைத்தான் செய்யும். சமூகமாகச் செய்யும் நினைவுகூரலும் சடங்கும் மீதியைச் செய்ய வேண்டும்.

ஆலோசகரிடம் கேட்க வேண்டியவை

கோட்பாடுகள் இப்படி ஒவ்வொன்றாகத் தோற்றதால் அவை வீண் என்று எண்ணிவிடக் கூடாது. தசைத் தளர்வு பயத்தை அணைக்கும் என்று வோல்பி தெளிவாகச் சொன்னதால்தான் அது தவறு என்று காட்ட முடிந்தது. காட்டிய பிறகு மிச்சமிருந்தது இன்னும் வலிமையானது. எதையும் திட்டமாகச் சொல்லாத, எந்த முடிவு வந்தாலும் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளும் கோட்பாட்டால் நோயாளிக்கு இந்த நன்மை கிடைக்காது.

சிகிச்சை தேடிப் போகிறவருக்கு இதிலிருந்து சில கேள்விகள் கிடைக்கின்றன. உங்கள் தகுதி என்ன? இந்தியாவில் மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கவுன்சலர் என்று பலகை மாட்டிக்கொள்ளும் எல்லோருக்கும் அந்தப் பயிற்சி இருக்கும் என்று நம்பிவிட முடியாது. என் சிக்கல் எதனால் தொடர்கிறது என்று நினைக்கிறீர்கள்? அதை மாற்ற நாம் என்ன செய்யப்போகிறோம்? எத்தனை வாரத்தில் என்ன மாற்றத்தை எதிர்பார்க்கலாம்? அது வராவிட்டால் என்ன செய்வோம்? யாரிடம் போவது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தொடங்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

மேலே உள்ளவற்றில் கடைசிக் கேள்விக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்கிறவர் எந்த மரபில் பயின்றவராக இருந்தாலும் சரி, அவரிடம் சில காலம் போய்ப் பார்க்கலாம். தன் விளக்கம் தவறாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, அது தவறினால் எப்படித் தெரியும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடும் பழக்கம்தான் ஐசெங்கின் கணக்குக்குப் பிறகு இந்தத் துறை கற்றுக்கொண்ட பெரிய பாடம். பணமும் நேரமும் செலவழித்து வருகிற நோயாளிக்கு அந்தப் பதிலைக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு.